அழித்த பின் ஓடிய தூரம்

ஜூன் 3, செவ்வாய்

பதவி உயர்வுப் பட்டியல் மதியம் வந்தது. என் பெயர் இருக்கிறது. இரண்டு முறை எழுதிக் கோட்டைவிட்ட தேர்வு இது. கிளார்க் கஸ்தூரி இனி ஆபீசர் கஸ்தூரி. பணியிடம் சிறுமலைக் கிளை. திண்டுக்கல்லில் இருந்து மலை ஏற வேண்டும். வழியெல்லாம் கொண்டை ஊசி வளைவு. சம்மதமா இல்லையா என்று இருபதாம் தேதிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும். இல்லை என்றால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இன்னொரு முறை தேர்வு எழுத எனக்கு வயது இடம் கொடுக்காது.

பக்கத்துக் கவுண்டர் ஷர்மிளா பானு எழுந்து நின்று கும்பிட்டாள்.

"ஆபீசரம்மா, இனிமே உங்கள வாங்க போங்கன்னுதான் கூப்பிடணுமா?"

"இப்ப மட்டும் வாடி போடின்னா கூப்பிடுற?"

"மனசுக்குள்ள கூப்பிடுவேன்க்கா."

சிக்கல் பஸ்ஸில்தான். காலையில் ஏறுகிற பஸ் சரியாக இருக்கிறது. மாலையில் இறங்குகிற பஸ், நாங்கள் கேஷ் முடிக்கும் முன்பே கிளம்பிவிடுகிறதாம். அடுத்தது இருட்டிய பிறகுதான்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அவர் கையில் இருந்த டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "கார் எதுக்கு இருக்கு? ஓட்டிட்டுப் போ" என்றார். எனக்கு லைசென்ஸ் இருக்கிறது. ஏழு வருடமாக இருக்கிறது. பானு பாஷையில் அது பீரோவில் இருக்கிற பட்டுப்புடவை. தனியாக ஒரு நாளும் ஓட்டியதில்லை.

"பார்க்கலாம்" என்றேன்.

ஜூன் 4, புதன்

மாலை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வத்தலகுண்டு சாலையில் ஓட்டிப் பார்த்தேன். பாதியில் மீட்டரில் மஞ்சளாக ஒரு இன்ஜின் படம் எரிந்தது. உடனே ஓரங்கட்டிவிட்டேன். இன்ஜினிலேயே கோளாறு என்றால் மலையில் எப்படிப் போவது? உயிர் விஷயம் இல்லையா? இதை அவரிடம் தெளிவாக எடுத்துச் சொன்னேன். மீதித் தூரம் அவர் ஓட்டினார்.

சேமியா பாக்கெட் ஒன்று கிடந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பாயசம் வைத்தேன்.

ஜூன் 5, வியாழன்

என் கணவர் குணசேகரன் அரசுப் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். எதையும் அளந்து பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். வீட்டில் ரத்த அழுத்தத்துக்கு ஒரு கருவி, சர்க்கரைக்கு ஒன்று, குடிதண்ணீரின் உப்புக்கு ஒன்று இருக்கின்றன. இன்று காருக்கும் ஒன்று வந்துவிட்டது. போன மாதமே ஏதோ வீடியோ பார்த்து ஆர்டர் போட்டிருந்தாராம்.

தீப்பெட்டி அளவுதான். ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் இடிக்கிற இடத்தில் ஒரு சாக்கெட் இருக்கிறது. எட்டு வருடமாக அது அங்கே இருப்பது எங்கள் இருவருக்குமே தெரியாது. அதில் செருகினால் நீல விளக்கு மினுக்குகிறது. போனில் ஆப் போட்டு, புளூடூத்தில் பிடித்து, கடவுச்சொல் 1234 என்று அடித்தால் வண்டியின் வயிற்றில் நடப்பதெல்லாம் திரைக்கு வந்துவிடுகிறது.

"பாத்தியா, கோளாறுக் குறியீடு பி 0506. அப்படின்னா ஐடிலிங் கம்மியாகுது. சும்மா நிக்கிறப்ப இன்ஜின் ஓடுற வேகம் குறையுதாம். அவ்வளவுதான். இதுக்குப் போயி உயிர் விஷயம்னுட்டே."

பிறகு ஆப்பில் 'அழி' என்ற பட்டனை அமுக்கினார். மஞ்சள் விளக்கு அணைந்தது.

"போயிருச்சு!"

"வியாதி போயிருச்சா, ரிப்போர்ட்டக் கிழிச்சுப் போட்டீங்களா?"

வண்டியைச் சுற்றி வந்து பானெட்டைத் தட்டிக் கொடுத்தார்.

ஜூன் 6, வெள்ளி

காலையில் சாவி போட்டுப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. சரி.

ஜூன் 7, சனி

பக்ரீத் விடுமுறை. பானு வீட்டிலிருந்து பிரியாணி வருவதற்குள் ஒரு சுற்று ஓட்டிவிடலாம் என்று அவர் கிளப்பினார்.

பஸ் ஸ்டாண்டு சிக்னலில் வண்டி நின்றுவிட்டது. ஸ்டார்ட் செய்தேன், முதல் கியர் போட்டேன், மறுபடி நின்றது. பச்சை போய்ச் சிவப்பு வந்து மறுபடி பச்சை வந்தது. பின்னால் ஹாரன். ஒரு ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்து, "யக்கா, வண்டிய விக்கிறதா இருந்தா இங்கயே விலை பேசிக்கிருவமா?" என்றார். அவரோடு வந்த பயணியும் சிரித்தார். காசு கொடுத்து ஏறியவருக்கு என்ன சிரிப்பு?

"க்ளட்ச மெதுவா விடு" என்றார் இவர்.

"மெதுவாத்தான் விட்டேன்."

"இன்னும் மெதுவா."

"இன்னும் மெதுவான்னா நாளைக்குத்தான் விடணும்."

நாகல்நகர் பாலத்துக்கு முன்னால் இன்னொரு முறை நின்றது. அதன் பிறகு அவரே ஓட்டினார். பிரியாணி நன்றாக இருந்தது.

ஜூன் 8, ஞாயிறு

இட்லிக்கு மாவு அரைத்தேன். கழுத்து வலி. வண்டி எடுக்கவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

இன்று அவர் போனை டேஷ்போர்டில் மாட்டி வைத்துக்கொண்டு வந்தார். இன்ஜினின் சுற்று வேகம் அதில் வரைபடமாக ஓடுகிறது. கிரிக்கெட் வர்ணனை போல ஒவ்வொரு நொடியும் சொல்லிக்கொண்டே வந்தார்.

"எண்ணூறு... எழுநூத்தி அம்பது... இறங்குது... அறுநூறு... கஸ்தூரி, ஆக்ஸிலேட்டரு, ஆக்ஸிலேட்டரு! ஐநூறு... போச்சு."

போய்விட்டது. பிரசவ வார்டில் உட்கார்ந்து நாடி பார்க்கிற டாக்டர்கூட இவ்வளவு சத்தம் போட மாட்டார். மார்க்கெட் வளைவில் நின்றது, பெட்ரோல் பங்க் வாசலில் நின்றது, எங்கள் தெருமுனையில் யாருமே குறுக்கே வராத இடத்திலும் நின்றது.

"நீங்க ஓட்டுறப்ப நிக்கிறதே இல்லியே, அது எப்படி?"

"நான் நிக்கிறப்ப லேசா மிதிச்சுக்கிட்டே இருப்பேன். பழக்கம்."

ஆக, குறை என் காலில்தான். ஏழு வருடம் பீரோவில் வைத்த பட்டு. விரித்தால் மடிப்பு மடிப்பாகக் கிழியாமல் என்ன செய்யும்?

திரும்பி வந்ததும் நான் காபி போட உள்ளே வந்துவிட்டேன். அவர் வழக்கம் போலப் பெட்ரோல் அளவு பார்த்துவிட்டு வருகிறேன் என்று காரிலேயே சிறிது நேரம் உட்கார்ந்திருந்தார்.

ஜூன் 11, புதன்

இன்றும் விளக்கு எரியவில்லை. நல்லதுதான்.

ஜூன் 12, வியாழன்

நிதானமாக யோசித்ததில் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். சமவெளியிலேயே நிற்கிற வண்டியை மலை வளைவில் நிறுத்திவிட்டு, பின்னால் உருளுகிற ஆபீசரால் வங்கிக்கும் லாபம் இல்லை, மக்களுக்கும் லாபம் இல்லை. மதிய இடைவேளையில் கடிதம் எழுதினேன். 'குடும்பச் சூழ்நிலை காரணமாக' என்று ஆரம்பித்தேன். இந்த வரிக்கு ஒரு சௌகரியம் உண்டு. யாரும் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள்.

பானு கேட்டாள்.

"குடும்பத்துல என்னக்கா சூழ்நிலை? பிள்ளை கோயம்புத்தூர் ஹாஸ்டல்ல இருக்கு, சாருக்குச் சமைக்கத் தெரியும், மாமியார் மதுரையில நாத்தனா வீட்டுல இருக்காங்க. உங்க குடும்பத்துல இருக்கிற ஒரே சூழ்நிலை நீங்கதான்."

இந்தப் பெண்ணுக்கு வாய் அதிகம். கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். இருபதாம் தேதி கொடுத்தால் போதும்.

இரவு அவரிடம் சொன்னேன். தோசையில் இருந்து தலையை எடுக்காமல், "உன் இஷ்டம்" என்றார். பிறகு, "எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் சொல்லிட்டேன். ஹெச்.எம். டீ வாங்கிக் கொடுத்தாரு" என்றார். இதற்கு முன் அவர் தோசை ஆறிப் போகவிட்டு நான் பார்த்ததில்லை.

ஜூன் 13, வெள்ளி

கோயிலுக்குப் போய் வந்தோம். நான்தான் ஓட்டினேன், வேறு வேலை இல்லாததால். போகும்போது நின்றது. வரும்போது நின்றது. இனி கவலை இல்லை.

ஜூன் 14, சனி

இரண்டாம் சனி, எனக்கு விடுமுறை. அவருக்கு ஆசிரியர் பயிற்சிக் கூட்டம், ஸ்கூட்டரில் போய்விட்டார். துணி காயப் போட்டேன். கறிவேப்பிலைச் செடியில் பூச்சி. மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். மற்றபடி வேலை இல்லை. அந்தத் தீப்பெட்டி என்னதான் செய்கிறது பார்ப்போம் என்று காரில் உட்கார்ந்து, சாவி போட்டு, என் போனிலும் அந்த ஆப்பைப் போட்டேன். 1234. பிடித்துக்கொண்டது.

வரிசையாக எண்கள். தண்ணீரின் சூடு, பேட்டரி, காற்று அழுத்தம். விரலால் தள்ளிக்கொண்டே போனால் கடைசியில் ஒரு வரி: குறியீடு அழித்த பின் ஓடிய தூரம். எதிரே 0 கி.மீ.

அவர் அழித்தது ஐந்தாம் தேதி. அதற்குப் பிறகு சிக்னல், மார்க்கெட், கோயில் என்று எவ்வளவோ ஓட்டியாகிவிட்டது. நேற்று மாலை கோயிலுக்குப் போய் வந்ததே ஆறு கிலோமீட்டர் இருக்கும். அதெல்லாம் எங்கே போயிற்று? ஆப் பொய் சொல்கிறதோ என்று வண்டியைக் கிளப்பித் தெருக்கோடி வரை போய், தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பி வந்தேன். 1 கி.மீ. என்று மாறியது. ஆக, எண்ணத் தெரிகிறது.

இறங்கிக் கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. இப்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் ஓட்டியிருக்கிறேன். தெருக்கோடிதானே, அதை ஒரு கணக்கில் சேர்க்கக் கூடாது.

ஜூன் 15, ஞாயிறு

காலையில் அவரோடு ஒரு சுற்று. இரண்டு முறை நின்றது. திரும்பி வந்ததும் இறங்காமல் என் போனில் பார்த்தேன்: 9 கி.மீ. "நீ போ, நான் பெட்ரோல் பாத்துட்டு வர்றேன்" என்றார். காபி கொடுத்துவிட்டு, சாமான் எடுப்பது போலக் காருக்குப் போய் மறுபடி பார்த்தேன்: 0.

பிறகு நெட்டில் தேடிப் படித்தேன். ஒரே விஷயத்தைப் பலரும் எழுதியிருக்கிறார்கள். குறியீட்டை அழிக்கும்போது விளக்கு மட்டும் அணைவதில்லை. வண்டியின் கம்ப்யூட்டர் அந்த இன்ஜினைப் பற்றி ஓடி ஓடிக் கற்று வைத்ததும் சேர்ந்து அழிந்துபோகும். பழைய வண்டி, உள்ளே கொஞ்சம் கரி படிந்த வண்டி என்றால், நிற்கும்போது எவ்வளவு காற்று விட வேண்டும் என்பதை அது மறுபடி முதலில் இருந்து கற்க வேண்டும். கற்கும் வரை சிக்னலில் அணையும்.

ஒவ்வொரு முறை ஓட்டி வந்ததும் இவர் அழிக்கிறார். ஒவ்வொரு முறை மறுபடி எடுத்ததும் அது நிற்கிறது. ஒவ்வொரு முறையும் நான் என் காலைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

சாம்பாருக்குச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"நான் போகக் கூடாதுன்னா நேரா சொல்லிருக்கலாம்ல?"

"எங்க?"

"சிறுமலைக்கு. தினம் கார்ல உக்காந்து என்ன பெட்ரோல் பாக்குறீங்க?"

போனை நீட்டினேன். அந்தச் சைபரைப் பார்த்தார். படித்ததை எல்லாம் சொன்னேன். கையில் இருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தார்.

"மறந்துருமா? அழிச்சா வண்டி மறந்துருமா? எனக்குச் சத்தியமாத் தெரியாது கஸ்தூரி. நான் லைட்டு வந்துறக் கூடாதுன்னுதான் அழிச்சேன். மறுபடி வர்றதுக்கு முன்னாடியே அழிச்சுட்டா வராதுல்ல?"

முப்பது வருடமாக மணி அடித்ததும் கரும்பலகையைத் துடைத்துவிட்டு வகுப்பை விட்டு வருகிறவர். அடுத்து வருகிறவருக்குப் பலகை சுத்தமாக இருக்க வேண்டும் என்பார். காரிலும் அதையே செய்திருக்கிறார்.

"லைட்டு வந்தா வந்துட்டுப் போகுது. அதுல உங்களுக்கு என்ன?"

"எனக்கு ஒண்ணுமில்ல. உனக்குத்தான். லைட்டப் பாத்தா நீ போக மாட்ட."

"நானா?"

"அன்னைக்கு லைட்டு எரிஞ்சதும் உன் மூஞ்சியில எவ்வளவு நிம்மதி தெரியுமா? பாயசம் வச்ச."

சேமியா வண்டு பிடித்துவிடும் என்றுதான் வைத்தேன். அதைச் சொன்னேன். நம்பியது போலத் தெரியவில்லை. மீதி வெங்காயத்தை நான் உரித்தேன்; கண் எரிந்தது.

ஜூன் 16, திங்கள்

வங்கியில் இருந்து வரும் வழியில் மெக்கானிக் சவரிமுத்துவின் ஷெட்டில் நிறுத்தினோம். நடந்ததைச் சொன்னோம். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்தார்.

"காத்து போற த்ராட்டில்ல கரி இருக்கும் மேடம். கழட்டிக் கழுவணும். இப்ப கை நிறைய வேலை கெடக்கு, சனிக்கிழமை கொண்டாங்க."

"அதுவரைக்கும் லைட்டு எரிஞ்சா?"

"எரியட்டும். சும்மா எரிஞ்சா ஓட்டுங்க. மினுக்கு மினுக்குன்னு அடிச்சா ஓரங்கட்டிட்டுக் கூப்பிடுங்க. எதையும் அழிக்காதீங்க சார், அழிச்சுட்டுக் கொண்டாந்தா நான் எதப் பாத்து வைத்தியம் பண்றது?"

கிளம்பும்போது என் கணவர் கார்க் கதவைத் திறந்து எனக்காகப் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில்கூட இப்படிச் செய்ததில்லை.

ஜூன் 17, செவ்வாய்

விளக்கு வந்துவிட்டது. அவருடைய விரல் போன் பக்கம் போனது. "கைய நீட்டுங்க" என்றேன். நீட்டினார். போனை வாங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.

சிக்னலில் வண்டி கொஞ்சம் நடுங்கியது. நிற்கவில்லை.

ஜூன் 18, புதன்

பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், பாலம், பெட்ரோல் பங்க். எங்கேயும் நிற்கவில்லை. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

வண்டி நன்றாக இருக்கிறது. காலும் நன்றாக இருக்கிறது. இரவு நெடுநேரம் தூக்கம் வரவில்லை. சூடு அதிகம், மின்விசிறி சரியாகச் சுற்றவில்லை.

ஜூன் 19, வியாழன்

விடுப்பு எடுத்தேன். மலை ஏறிப் பார்க்காமல் இல்லை என்று எழுதுவது நியாயம் இல்லை. ஏறிப் பார்க்காமல் ஆம் என்று எழுதுவதும் அப்படித்தான்.

அவர் ஸ்கூட்டரில் பின்னாலேயே வருகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். கருவி மட்டுமாவது காரில் இருக்கட்டும், இருக்கிற இடத்திலிருந்தே போனில் பார்த்துக்கொள்கிறேன் என்றார். அந்தக் கருவி பத்து மீட்டருக்கு மேல் எட்டாது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். அதை அவருக்கே நினைவுபடுத்திவிட்டுப் பள்ளிக்கு அனுப்பினேன்.

நத்தம் சாலையில் போய் மலைப் பாதைக்குத் திரும்பும் வரை வண்டி எங்கேயும் நிற்கவில்லை. அடிவாரத்தில் செக்போஸ்ட் தாண்டி ஓரமாக நிறுத்தித் தண்ணீர் குடித்தேன். முழங்கால் பக்கத்தில் அந்த நீல விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது. யாரோ கீழே உட்கார்ந்து நாடி பார்ப்பது போல இருந்தது. பிடுங்கிக் கைப்பையில் போட்டேன்.

முதல் வளைவு, இரண்டாம் வளைவு என்று சத்தம் போட்டு எண்ணினேன். நான்குக்கு மேல் எண்ணிக்கை விட்டுப்போனது. இரண்டாம் கியர், ஹாரன், வலது பக்கம் பார், திருப்பு. நடுவில் ஒரு வளைவில் மேலிருந்து வாழைத்தார் ஏற்றிய மினி லாரி இறங்கி வந்தது. நான் நின்றேன். லாரிக்காரரும் நின்றார். எனக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கிக்கொண்டு, "ஏறுங்கக்கா" என்று கை காட்டினார்.

சரிவு. முதல் கியர் போட்டேன். அவர் காத்திருக்கிறாரே என்ற பதற்றத்தில் க்ளட்சை வெடுக்கென்று விட்டுவிட்டேன். வண்டி ஒரு குதி குதித்து நின்றது. ஒரு முழம் பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்தேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன்.

இது கரி இல்லை. அழித்ததும் இல்லை. இது நான்தான், சந்தேகமே இல்லை.

வினோதம் என்னவென்றால், அது தெரிந்ததும் பயம் விட்டுப்போனது. என் தப்பு என்றால் அதை நான் திருத்திக்கொள்ளலாமே. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

லாரிக்காரர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "அவசரமே இல்லக்கா! காய் பழுக்க இன்னும் மூணு நாளு கெடக்கு!"

சிரித்துவிட்டேன். ஸ்டார்ட் செய்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து, இன்ஜின் முனகுகிற சத்தம் மாறியதும் ஹேண்ட் பிரேக்கை விட்டேன். ஏறியது. தாண்டும்போது அவர் ஹாரன் அடித்தார். நானும் அடித்தேன்.

மேலே காற்று ஜில்லென்று இருந்தது. கிளை, மளிகைக் கடைக்கு மேல் மாடியில் இருக்கிறது. மாடி ஏறவில்லை. வாசலில் கார் நிறுத்த இடம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன். இருக்கிறது, பலா மரத்தடியில். பழுக்கிற காலத்தில் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும். கடையில் ஒரு டீ குடித்துவிட்டு இறங்கினேன். இறக்கம் ஏற்றத்தைவிடக் கஷ்டம். அதைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

வீட்டு வாசலில் ஸ்கூட்டர் நின்றது. அரை நாள் விடுப்பு போட்டுவிட்டுக் கேட்டிலேயே காத்திருக்கிறார். நான் வண்டியை உள்ளே விடுவதற்குள் போனைத் தூக்கிக்கொண்டு கூடவே ஓடி வந்தார்.

"பிடிக்க மாட்டேங்குதே. கனெக்ட்டே ஆகலியே. ஏய், கஸ்தூரி, சாக்கெட்டுல கருவியக் காணோம்!"

"கழட்டிட்டேன்."

"கழட்டிட்டியா? அப்ப மலையில வண்டி எப்படி ஓடுச்சுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

சாவியை எடுத்து, கதவைச் சாத்தி, அவர் பக்கம் திரும்பினேன்.

"என்னையக் கேளுங்க. சொல்றேன்."

போனைச் சட்டைப் பைக்குள் வைத்தார். வாசற்படியில் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டார்.

"சொல்லு" என்றார். "முதல் வளைவுல இருந்து சொல்லு."

ஜூன் 20, வெள்ளி

கடிதம் கொடுத்துவிட்டேன். ஒரே வரிதான்: சம்மதம்.